அப்பாடா!

சந்தைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பை கனக்க வரும் அம்மா, வாசற்படியைத் தாண்டியதும் பைகளை அப்படியே இறக்கி வைப்பாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் சாய்வாள். மூக்கு வழியாக ஓர் இழுப்பு. அது முடிவதற்குள் அதன்மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு. பிறகு வாய் வழியாக நீளமாக, இனி நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லை என்பதுபோல, "அப்பாடா..." அதற்கப்புறம்தான் குடிக்கத் தண்ணீர் கேட்பாள்.

இந்தச் சொல்லை யாரும் நமக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. பரீட்சை முடிந்து வெளியே வருகிறவன் சொல்கிறான், கடைசி பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்தவர் சொல்கிறார், கல்யாண வேலை முடிந்து எல்லாரையும் அனுப்பிவைத்த வீட்டுக்காரர் சொல்கிறார். பொருளைவிட அதில் மூச்சுதான் அதிகம். வடமொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட 'ஆசுவாசம்' என்ற சொல்லுக்குள்ளும் சுவாசம் இருக்கிறது. மனம் இளகுவதும் மூச்சு இளகுவதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது பேசுகிற மக்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்தக் கட்டு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று உடலுக்குள் தேடிப் போனவர்களின் கதை எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. மன அழுத்தத்துக்கு இயற்கை வைத்தியம் என்று எத்தனையோ எண்ணெயும் பொடியும் விற்கிறார்கள். எந்த வழியாக வேலை செய்கிறது என்று நரம்பு நரம்பாகத் தொட்டுக் காட்டக்கூடியவை அவற்றில் மிகச் சிலவே. மூச்சு அந்தச் சிலவற்றில் ஒன்று. அதற்குக் காசும் கிடையாது.

இதைப் படித்துக்கொண்டே ஒன்று செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரலின் அடியில், வலக்கையின் மூன்று விரல்களை மெல்ல வைத்து நாடியைப் பிடியுங்கள். துடிப்பு பிடிபட்டதும், மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்தால் விரல்நுனியில் ஒரு வித்தியாசம் தெரியும். உள்ளிழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருகின்றன. வெளிவிடும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீள்கிறது. இளைஞர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். வயது ஏற ஏறக் குறையும். இசிஜி அறிக்கையில் 'சைனஸ் அரித்மியா' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம், "இது ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சிரிப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். 1847-இல் ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக், சுழலும் உருளையின்மேல் முள் கோடு கிழிக்கும் கருவி ஒன்றைச் செய்து இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்தார். மூச்சு நெஞ்சுக்கூட்டுக்குள் நடக்கும் தனிக் காரியம் அல்ல, ஒவ்வொரு இழுப்பிலும் விடுப்பிலும் இதயத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் எழுத்துச் சாட்சிகளில் அந்தக் கோடும் ஒன்று.

அந்தப் பேச்சு எந்தக் கம்பி வழியாகப் போகிறது? மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டு, கழுத்தின் வழியே இறங்கி, நெஞ்சைத் தொட்டு, வயிறுவரை அலைந்து திரியும் ஒரு நரம்பு இருக்கிறது. பத்தாவது மண்டை நரம்பு. லத்தீன் மொழியில் 'அலைபவன்' என்று பொருள்படும்படி அதற்கு 'வேகஸ்' என்று பெயர். இதயத்துக்குத் தானாகத் துடிக்கத் தெரியும். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 70 என்று காட்டுகிறதே, அது எப்படி? வேகஸ் நரம்பு ஓயாமல் அதன்மேல் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது. இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். மாற்று இதயத்துக்குப் பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருக்கும். அதனால் ஓய்வில் இருக்கும்போதும் அது 90, 100 என்றே துடிக்கிறது. மூச்சின் ஏற்ற இறக்கமும் அதில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

மூச்சு உள்ளே போகும்போது மூளைத்தண்டு அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறது. வெளியே வரும்போது மறுபடி அழுத்துகிறது. வெளிமூச்சு நீண்டால் பிரேக் அழுத்தியிருக்கும் நேரமும் நீள்கிறது. 'டா'வை இழுக்க இழுக்க அம்மாவின் இதயம் நிதானப்படுவதற்கு இதுதான் காரணம்.

நரம்பு இதயத்திடம் எதைக் கொண்டு பேசுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஓட்டோ லோவி. அவரே சொன்ன கதை இது. ஓர் இரவு கனவில் ஒரு சோதனை தோன்றியது. விழித்து, தாளில் கிறுக்கிவைத்துவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு. இந்த முறை அவர் தாளைத் தேடவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். தவளையின் இதயம் ஒன்றை உப்பு நீரில் வைத்து அதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த இதயம் கிடந்த நீரை எடுத்து, யாரும் தொடாத இன்னொரு இதயத்தின்மேல் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பது அன்று உறுதியானது. 1921-இல் அதை வெளியிட்டார். 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளுக்கு இன்று அசிட்டைல்கோலின் என்று பெயர்.

அசிட்டைல்கோலினின் ஒரு குணம் நமக்கு முக்கியம். அது சுரந்த உடனே வேலை செய்கிறது, உடனே சிதைந்தும் போகிறது. ஒரே ஒரு துடிப்பைத் தாமதப்படுத்தி, அடுத்ததைத் தாமதப்படுத்தாமல் விடவும் வேகஸால் முடியும். பயத்தில் நெஞ்சைப் படபடக்கவைக்கும் எதிர்த் தரப்பான சிம்பதெடிக் நரம்புகளின் வேலை அப்படியல்ல. அது ஏறவும் சில விநாடி ஆகும், இறங்க இன்னும் நேரமாகும். "கோபம் போயிடுச்சு, ஆனா படபடப்பு போகல" என்று நாம் சொல்வது அதனால்தான். படபடப்பை நேராகக் கைவைத்து அணைக்க நமக்கு வழியில்லை. பிரேக்கை அழுத்த வழி இருக்கிறது, அது மூச்சு விடும் வழி.

உடலில் தானாக நடக்கும் எத்தனையோ காரியங்களில் மூச்சு ஒன்றுதான் இரண்டு முதலாளிகளுக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. கண் இமைப்பதையும் விழுங்குவதையும் இதே கணக்கில் சேர்க்கலாம் என்றாலும், அவை எதற்கும் இதயத்தின் மேல் இவ்வளவு பிடி கிடையாது. செரிமானத்தை நிறுத்து என்று கட்டளையிட முடியாது. ரத்த அழுத்தத்தை இறக்கு என்று சொல்ல முடியாது. மூச்சை மட்டும், வேண்டுமானால் நாம் பிடித்துக்கொள்ளலாம். மறந்துவிட்டால் அது தன் போக்கில் போகும்.

அந்தத் தன் போக்கு எங்கிருந்து வருகிறது என்ற தேடலில் ஒரு வேடிக்கையான பெயர் அகப்படுகிறது. 1978-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் அறிஞர் கூட்டத்தின் விருந்து மேசையில் 'பெட்சிங்கர்' என்ற ஒயின் புட்டி இருந்தது. மூச்சோடு தொடர்புடைய மூளைத்தண்டுப் பகுதி ஒன்றுக்கு அமெரிக்க நரம்பியலாளர் ஜாக் ஃபெல்ட்மன் அந்தப் பெயரையே வைத்தார். பிறகு அதை ஒட்டி இருக்கும் சிறு நரம்பணுத் திரள்தான் மூச்சின் தாளத்தையே உண்டாக்குகிறது என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1991-இல் காட்டினார்கள். அதன் பெயர் 'முன்-பெட்சிங்கர்'. சில ஆயிரம் அணுக்கள், அவ்வளவுதான். நாம் பிறந்து போட்ட முதல் அழுகையிலிருந்து ஒரு கணமும் ஓயாமல் அவைதான் தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

பெருமூச்சும் அங்கேதான் பிறக்கிறது. துக்கத்தில் விடுவதுதான் பெருமூச்சு என்று நினைக்கிறோம். மனிதர் யாராயிருந்தாலும் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, தூக்கத்திலும்கூட, தமக்குத் தெரியாமலே பெருமூச்சு விடுகிறார்கள். நுரையீரலுக்குள் 30 முதல் 50 கோடி வரை காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். உட்புறம் ஈரமான பலூன்கள் அவை. சாதாரண மூச்சில் சில அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பலூனைத் திறக்க வழக்கமான ஊதல் போதாது. அதற்காகத்தான் மூச்சின்மேல் மூச்சாக இரட்டை இழுப்பு. நுரையீரல் அப்படி நன்றாக விரியும்போது, அறைகள் மறுபடி ஒட்டாமல் காக்கும் வழவழப்பான பொருளும் கூடுதலாகச் சுரக்கிறது. இந்தப் பெருமூச்சைத் தூண்டும் இரண்டு சிறு புரதத் துணுக்குகளை 2016-இல் இனங்கண்டார்கள். எலிகளில் அவை இரண்டின் செயலையும் தடுத்தபோது பெருமூச்சு நின்றுபோனது, மற்ற மூச்சு நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த முடிவுதான் என்னை அசரவைத்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கெவின் யாக்கிளும் ஃபெல்ட்மன் உள்ளிட்டோரும் அந்தத் திரளிலிருந்து சுமார் 175 அணுக்களை மட்டும் சுண்டெலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். மூச்சு கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்தார்கள். சுண்டெலிகள் நன்றாகவே மூச்சுவிட்டன, நிதானமாக மட்டும். வழக்கமாகப் புதுக் கூண்டில் விட்டால் சுண்டெலி மூலை மூலையாக மோப்பம் பிடித்துத் தவிக்கும். இவை ஓரமாக உட்கார்ந்து தங்கள் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. அந்த 175 அணுக்கள், மூளையை உசுப்பி விழிப்பில் வைக்கும் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறவை. வேகமான மூச்சு நடக்கும்போதெல்லாம் "ஏதோ நடக்கிறது, எழுந்திரு" என்று தட்டி எழுப்புகிறவை. பதறினால் மூச்சு வேகமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மூச்சு வேகமானாலும் பதற்றம் வரும், அதற்கென்றே தனி வழி இருக்கிறது என்பதை அந்தச் சுண்டெலிகள் காட்டின. மனிதரிடம் அதே அணுக்களை எடுத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் அந்தப் பாதை நம் மூளைத்தண்டிலும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வீட்டில் நெருங்கிய ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நாளில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் போன வயதான நர்ஸ் ஒருவர் நின்று என்னைப் பார்த்தார். "ஏம்மா, மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? வெளிய விடுங்க. பூ ஊதற மாதிரி." உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். "பிரசவத்துக்கு வர்ற பிள்ளைங்ககிட்டயும் இதான் சொல்லுவேன். இழுக்கறதப் பத்திக் கவலப்படாதீங்க, அது தானா வரும். விடறத மட்டும் பாத்துக்குங்க." சொல்லிவிட்டுத் தன் ட்ரேயோடு போய்விட்டார். நான் ஊதினேன். கவலை ஒன்றும் போய்விடவில்லை. தோள் மட்டும் காதை விட்டுக் கீழே இறங்கியது. அதுவரை அது அங்கே ஏறி உட்கார்ந்திருந்ததே எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு மெதுவாக விடுவது என்பதற்கும் உடலில் ஒரு கணக்கு இருக்கிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் அவை மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தை நிதானப்படுத்தி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இந்தக் கட்டளை குழாய்களைச் சென்று சேரச் சில விநாடி தாமதமாகிறது. அதற்குள் அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடும். பிறகு ஏற்ற வேண்டும். அதுவும் கொஞ்சம் அதிகமாகிவிடும். இப்படி ரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒரு முறை இயல்பாகவே ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது. ஊஞ்சலில் குழந்தையை வைத்துத் தள்ளியவர்களுக்குத் தெரியும், நேரம் பார்த்துத் தட்டினால் ஒற்றை விரல் போதும். மூச்சும் 10 விநாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு ஆறு என்று வரும்போது, இரண்டு அலையும் ஒன்றுசேர்ந்து இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது, அழுத்தத்தைச் சீர்செய்யும் அந்த நரம்புச் சுற்றும் கூர்மையாகிறது.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் 23 பேரை இரண்டு விதமாக ஜெபிக்கச் சொன்னார்கள்: லத்தீன் மொழியில் செபமாலை, திபெத்திய பௌத்தர்களின் 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரம். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது. இதய-ரத்த ஓட்டத் தாளங்கள் ஒத்திசைந்தன. வெவ்வேறு மலைகளுக்கு அந்தப்புறம் வாழ்ந்த, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத இரண்டு சமயத்தார் சொல்லிச் சொல்லித் தேய்த்த வாக்கியங்கள், நீளத்தில் ஒரே அளவுக்கு வந்து நின்றிருக்கின்றன.

நம் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அளவு சொல்கிறார். பூரகம், அதாவது உள்ளிழுப்பது, 16 மாத்திரை. கும்பகம், உள்ளே நிறுத்துவது, 64. ரேசகம், வெளிவிடுவது, 32. மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது. நிறுத்தும் 64-ஐ யாரும் தானாக முயல வேண்டாம், மரபும் அதைக் குருவின் முன்னால்தான் அனுமதித்தது. நான் பார்ப்பது மற்ற இரண்டையும்தான். விடுவது இழுப்பதைப் போல இரு மடங்கு. வேகஸ் நரம்பின் பெயர் தெரியாத காலத்தில், தன் உடம்பையே கருவியாக வைத்து உட்கார்ந்து எண்ணிப் பார்த்த மனிதர் சென்று சேர்ந்த விகிதம் அது.

இந்த மரியாதையோடேயே, பிழையாகப் பரவியிருக்கும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். "ஆழமா மூச்சு விட்டா உடம்புக்கு ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும்" என்று சொல்லாத வகுப்பே இல்லை. ஆரோக்கியமானவரின் ரத்தம் சும்மா இருக்கும்போதே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. நிறைந்த குடத்தில் மேற்கொண்டு ஊற்ற இடமில்லை. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கினால் கூடுவது ஆக்சிஜன் அல்ல, குறைவது கரியமில வாயு. அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல்நுனி மதமதக்கும். இதைச் சிலர் சக்தி ஏறுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். நீச்சல் குளத்தில் இப்படி மூச்சு வாங்கிவிட்டு மூழ்கி, மூச்சு வேண்டும் என்ற உந்துதலே எழாமல் நீருக்குள் மயங்கி இறந்தவர்கள் உண்டு.

இதயத்தையே நிறுத்திக் காட்டும் யோகிகள் என்ற பேச்சும் அப்படித்தான். 1935-இல் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் இசிஜி கருவியோடு இந்தியா வந்து பதிவுகள் எடுத்துப்போன பிறகு அது உலகெங்கும் பரவியது. பின்னாளில் வெங்கர், பக்சி என்ற இரண்டு ஆய்வாளர்களும் டெல்லி எய்ம்ஸ் உடலியலாளர் ஆனந்தும் அதைச் சோதித்து 1961-இல் எழுதினார்கள். மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது. இசிஜி-யில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. யோகிகள் ஏமாற்றவில்லை, அவர்கள் செய்தது வேறொன்று. எனக்கு அந்த உண்மை, நின்ற இதயத்தைவிடப் பெரிய வியப்பாகப் படுகிறது.

பலன் எவ்வளவு? 2023-இல், 785 பேர் கலந்துகொண்ட 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூச்சுப் பயிற்சியால் மன அழுத்தம் குறைந்தது தெரிந்தது. அளவு சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில், நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் பயின்றார்கள். இரட்டை இழுப்பும் நீண்ட வெளிமூச்சுமாக, அச்சாக நம் 'அப்பாடா'வைப் போலப் பயின்றவர்களுக்கு மனநிலை மற்றவர்களைவிட அதிகம் தெளிந்தது. பதற்றம் குறைந்தது என்னவோ எல்லாக் குழுவுக்கும்தான், சும்மா மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட. இன்னோர் ஆய்வில் 400 பேரைப் பிரித்து, ஒரு பாதியை நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சும் மறு பாதியை 12 மூச்சும் விடச் சொன்னார்கள். நான்கு வாரம் கழித்து இரு பக்கமும் வேறுபாடு இல்லை. அப்படியென்றால் ஒரு பங்கு நரம்பின் வேலை, ஒரு பங்கு தினமும் சில நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்து தன்னைக் கவனித்துக்கொண்டதன் வேலை. இரண்டையும் பிரித்தெடுப்பது இன்னும் முடியவில்லை. இதை நம்பி யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடையோ பாட்டோ போதும்.

பாட்டு என்றதும், வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுவதைச் சொல்லாமல் விட மனமில்லை. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் வைட்ஸ்பெர்கும் லுண்ட்பெர்கும் 2002-இல் அளந்து பார்த்தார்கள். சாதாரணமாக மூக்கால் விடும் மூச்சைவிட, முனகும்போது வரும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு இருந்தது. முகத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகளில் தேங்கிய காற்றை அந்த அதிர்வு வெளியே இழுத்துவிடுகிறது. யோகத்தில் வண்டின் பெயரால் பிரமரி என்று இதற்குப் பயிற்சியே உண்டு. முனகும்போது வெளிமூச்சு தானாக நீண்டுவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூளியை ஆட்டும் பாட்டிகள் பாதிப் பாட்டு சொல்லாகவும் மீதி 'ம்ம்ம்' என்ற முனகலாகவும்தான் பாடுவார்கள். குழந்தை அழுது அழுது ஓய்ந்த பிறகும் சற்று நேரம் தேம்பிக்கொண்டிருக்கும். பாட்டி ஆட்டுவதை நிறுத்தமாட்டாள், காதை மட்டும் தூளிப் பக்கம் வைத்திருப்பாள். உள்ளே இரண்டு குட்டி இழுப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. பிறகு துணியே அசையும்படி நீளமாக ஒரு மூச்சு. பாட்டி கயிற்றை விட்டுவிட்டு எழுந்திருப்பாள். "தூங்கிட்டான்" என்பாள், எட்டிக்கூடப் பார்க்காமல்.